ஷாட்டோ கயார்: மார்ச்சில் விழுந்த கோட்டை ஆகஸ்டிலேயே தோற்றது

1204 மார்ச் 6 அன்று, இங்கிலாந்து அரசரின் வசமிருந்த நார்மண்டியின் எல்லைக் கோட்டையான ஷாட்டோ கயார், பிரெஞ்சு அரசர் பிலிப் அகஸ்டஸின் கைக்குப் போனது. உள்ளே மிஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர். கடைசிப் புகலிடமாகக் கட்டி வைத்திருந்த பெருங்கோபுரத்தில் ஏறி நின்று யாரும் சண்டை போடவே இல்லை. அதன் அடியில் இருந்த பின்வாசல் வழியாக வெளியேறப் பார்த்தபோது பிடிபட்டார்கள்.

கட்டி முடித்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மேற்கு ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் இதைவிட யோசித்துக் கட்டிய கோட்டையைக் காட்டுவது கடினம். அது எப்படி விழுந்தது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், கழிப்பறைத் துவாரம் வழியாக ஏறிய ஒரு சிப்பாயின் கதை. சுவையான கதைதான். ஆனால் அந்தச் சிப்பாய் ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பே, ஒரே இரவில், கோட்டையின் விதி முடிவாகிவிட்டது.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து அரசரே நார்மண்டியின் பிரபுவும்கூட. பாரிஸில் இருக்கும் பிரெஞ்சு அரசருக்கும் அவருக்கும் நடுவே கிடந்த எல்லை நிலம் வெக்சான். சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் ஜெர்மனியில் சிறைப்பட்டுக் கிடந்த 1193-ல், அந்த எல்லையின் பூட்டாக இருந்த ஜிசோர் கோட்டையைப் பிலிப் பிடித்துக்கொண்டார். அதன்பின் பாரிஸிலிருந்து செய்ன் ஆற்றோடு இறங்கினால் நார்மண்டியின் தலைநகரான ரூவான் வரை தடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. போன பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு தேவைப்பட்டது. ரிச்சர்ட் தேர்ந்த இடம் ஆந்தெலி: ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 90 மீட்டர் உயரத்தில் நீண்டு நிற்கும் ஒரு சுண்ணப்பாறை மூக்கு. மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு. தென்கிழக்கில் மட்டும் குறுகிய கழுத்துப் போன்ற நிலம் பின்னாலிருக்கும் மேட்டோடு அதை இணைக்கிறது.

அங்கே கோட்டை கட்ட ரிச்சர்டுக்கு உரிமை இல்லை. ஆந்தெலியில் அரண் எழுப்பக் கூடாது என்று 1196 ஜனவரியில் பிலிப்போடு செய்த உடன்படிக்கையே சொன்னது. போதாததற்கு நிலம் ரூவான் பேராயருடையது. அவர் நார்மண்டி முழுவதும் கோயில் வழிபாடுகளை நிறுத்தி, ரோமுக்குப் போய் முறையிட்டார். கடைசியில் தியெப் துறைமுகம் உள்ளிட்ட சொத்துகளைக் கொடுத்துத்தான் 1197-ல் ரிச்சர்ட் அந்த விவகாரத்தை முடித்தார். அதற்குள் மதில் பாதிக்கு மேல் எழும்பியிருந்தது. 1196 முதல் 1198 வரை ஆன செலவு ஏறக்குறைய 12,000 பவுண்டு. தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்தில் இருந்த எல்லாக் கோட்டைகளுக்கும் சேர்த்து அவர் செலவிட்டது 7,000 பவுண்டு அளவில்தான். அதை வைத்துப் பார்த்தால் இந்த ஒற்றை எல்லை எவ்வளவு உயிர்நாடி என்பது புரியும்.

அந்தப் பணம் பாறை மேலிருந்த கோட்டைக்கு மட்டும் போகவில்லை. கோட்டையின் படத்தை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். மலைக்குக் கீழே ஆற்றோரம் மதில் சூழ்ந்த புதிய ஊர் ஒன்று, சின்ன ஆந்தெலி. ஆற்றின் நடுத்தீவில் எண்கோண வடிவில் ஒரு காவல் அரண். தீவைக் கரையோடு இணைக்கப் பாலம். ஆற்றின் குறுக்கே பாரிஸ் பக்கத்துப் படகுகள் இறங்க முடியாதபடி அடித்து நட்ட மரத்தூண்கள், மூன்று வரிசை. மேலே கோட்டை. இத்தனையும் சேர்ந்ததுதான் பூட்டு. மேலிருப்பவர்கள் ஆற்றைப் பார்த்துக்கொள்வார்கள்; ஆறு அவர்களுக்குச் சோறு போடும்; ரூவானிலிருந்து வரும் படை இரண்டையும் காக்கும். ஒன்று கழன்றால் மற்றவை நிற்காது.

கோட்டை மூன்று அடுக்கு. கழுத்து நிலத்தைப் பார்த்தபடி முன்னால் ஒரு முக்கோண வெளிக்கோட்டை; முக்கோணத்தின் முனையில் தாக்குபவனுக்கு நேரெதிரே ஒரு பருத்த கோபுரம். அதற்குப் பின்னே பாறையில் வெட்டிய ஆழமான வறண்ட அகழி. அதைத் தாண்டினால் நடுக்கோட்டை. அதற்குள்ளே இன்னோர் அகழி சூழ்ந்த உட்கோட்டை, அதன் விளிம்பில் பெருங்கோபுரம். உட்கோட்டையின் மதில் நேராக ஓடாமல், அரைவட்டப் புடைப்புகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பது போல அலை அலையாக வளைகிறது. இதற்குக் காரணம் அழகல்ல. தட்டையான சுவரில் மோதும் கல் தன் முழு வேகத்தையும் சுவரிலேயே இறக்கும். வளைந்த முகத்தில் சறுக்கிப் போகும். அதோடு, நேர்ச்சுவரின் அடியில் ஒட்டி நிற்பவனை மேலிருந்து பார்க்க முடியாது. வளைவு இருந்தால் பக்கத்துப் புடைப்பிலிருந்து அவன் விலாவில் அம்பு எய்யலாம். பெருங்கோபுரமும் அப்படித்தான்: எதிரி வரும் பக்கத்துக்குக் கப்பலின் முன்மூக்கு மாதிரிக் கூர்த்து நிற்கும். அதன் உச்சியில் கல்லும் பிறவும் நேர்கீழே போடத் துவாரங்கள் வைத்த கல்வளைவுகள் இருந்தன. மேற்கு ஐரோப்பாவில் அந்த அமைப்புக்குக் கிடைக்கும் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

1199-ல் ரிச்சர்ட் வேறொரு முற்றுகையில் குறுக்குவில் அம்பு பட்டு இறந்தார். தம்பி ஜானுக்கு நார்மண்டி வந்தது. 1202-ல் பிலிப், பிரான்சிலுள்ள நிலங்களுக்குத் தானே மேலரசர் என்ற உரிமையைக் காட்டி, ஜானின் பிரெஞ்சு நிலங்கள் பறிமுதல் என்று அறிவித்தார். 1203 ஆகஸ்டில் அவர் படை செய்ன் ஆற்றின் இடது கரையில், கோட்டைக்கு எதிரே வந்து இறங்கியது.

பிலிப் மலையைத் தொடவில்லை. முதல் வேலை ஆற்றில். மேலிருந்து பறந்து வந்த அம்புகளுக்கும் கற்களுக்கும் நடுவே நீச்சல்காரர்கள் இறங்கி, நட்டிருந்த மரத்தூண் வேலியை வெட்டி வழி திறந்தார்கள். அந்த வழியே தட்டைப் படகுகள் இறங்கின. அவற்றைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை பரப்பிப் பாலம் போட்டார்கள். பாலத்தைக் காக்க இரண்டு மரக்கோபுரங்கள். இனி இரு கரையும் பிலிப்புக்கு.

ஜானின் பதில் ஆகஸ்ட் முடிவதற்குள் வந்தது, திட்டமும் நல்ல திட்டம்தான். வில்லியம் மார்ஷல் தலைமையில் ஒரு படை இரவோடு இரவாகத் தரைவழியே வந்து இடது கரை முகாமைத் தாக்கும். அதே நேரத்தில் கீழ்நதியிலிருந்து எழுபதுக்குப் பக்கம் படகுகள் உணவோடும் வீரர்களோடும் ஏறி வந்து படகுப் பாலத்தை உடைக்கும். பாலம் உடைந்தால் பிலிப்பின் படை ஆற்றால் இரண்டாகப் பிளக்கும். தீவுக்கு உணவும் போய்ச் சேரும்.

கெட்டது எங்கே? நேரக் கணக்கில். தரைப்படை ரூவான் பக்கமிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. வந்தால் போதும். ஆறு பாம்புபோல் வளைந்து போவதால் நீர்வழி அதைவிட மிக நீளம். அதோடு நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டும். சரக்கேற்றிய படகுக்கு அன்றைய ஓட்டம் எவ்வளவு தாமதம் தரும் என்பதைத் தப்பாகக் கணித்துவிட்டார்கள். மார்ஷலின் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்து விழுந்தார்கள். முகாம் சிதறியது, தப்பி ஓடியவர்களின் கனம் தாங்காமல் படகுப் பாலமே ஒரு பக்கம் முறிந்தது. படகுகளை மட்டும் காணோம். மறுகரையில் பிரெஞ்சுத் தளபதிகள் தீப்பந்தம் ஏற்றி ஆட்களைத் திரட்டி, பாலத்தைச் சரிசெய்து, திரும்ப வந்து மார்ஷலின் படையை விரட்டினார்கள். அது முடிந்த பிறகுதான், விடியலில், படகுகள் வந்து சேர்ந்தன. பாலத்தின் மேலும் இரு கரையிலும் விழித்து நின்ற படையின் நடுவே அவை நேராக நுழைந்தன. உத்திரங்களும் கற்களும் கொதிக்கும் எண்ணெயும் தலைமேல் விழ, மிஞ்சியவை திரும்பிப் போயின.

இரண்டு தாக்குதல்களில் எதுவும் தனியாகத் தோற்றிருக்க வேண்டியதில்லை. சேர்ந்து வந்திருந்தால் முற்றுகை அந்த வாரமே முடிந்திருக்கலாம். ஜான் மறுபடி அப்படியொரு முயற்சி செய்யவில்லை. பிலிப்பின் கவனத்தைத் திருப்பப் பிரிட்டனி பக்கம் போய்த் தாக்கினார், பிலிப் அசையவில்லை. டிசம்பரில் ஜான் கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டார். எல்லைக் கோட்டையின் வேலை எதிரியை நிறுத்தி வைத்துக் காலம் வாங்குவது. வாங்கிய காலத்தில் வெளியே ஒரு படை வர வேண்டும். அந்தப் படை வராது என்றான பின், மதிலின் தடிப்பு, தோல்வி எந்தத் தேதியில் என்பதை மட்டுமே தீர்மானிக்கும்.

படகுகள் திரும்பிய கையோடு தீவு அரண் போனது. கோபேர் என்ற நீச்சல்காரர், கனலும் கரியை மண்கலங்களில் அடைத்துப் பூசி மூடி, கயிற்றில் கட்டி இழுத்தபடி நீந்திப்போய்த் தீவின் மரவேலிக்குத் தீ வைத்தார். காவலர்கள் எதிர்பார்க்காத பக்கம் அது. தீவு போனதைப் பார்த்ததும் சின்ன ஆந்தெலி மக்கள் ஊரைக் காலி செய்துவிட்டு மேலே கோட்டைக்குள் ஓடினார்கள். கோட்டைத் தலைவர் ரோஜர் டி லேசி கதவைத் திறந்துவிட்டார். மனிதத்தனமாகப் பார்த்தால் வேறு வழியில்லை; முற்றுகைக் கணக்கில் பார்த்தால் முற்றுகைக்காரனுக்கு அது வரம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ தானியம் என்று வைப்போம். 200 பேர் கொண்ட காவற்படைக்கு ஓராண்டுக்கு 73 டன். உள்ளே வந்த ஊர்மக்கள் 1,400 முதல் 2,200 வரை என்கிறார்கள். 1,500 என்றே கொள்வோம். இப்போது வாய் 1,700. அதே 73 டன் 43 நாளில் காலி. ஓராண்டு ஆறு வாரமாகச் சுருங்குகிறது. தண்ணீர், விறகு, கழிவு, நோய் எல்லாம் இதற்கு மேல்.

செப்டம்பரில் பிலிப் கோட்டையைச் சுற்றி இரட்டை அகழி வெட்டத் தொடங்கினார். உள்பக்க அகழி கோட்டையிலிருந்து யாரும் பாய்ந்து வராதபடி. வெளிப்பக்கத்தது மீட்புப்படை வந்தால் தடுக்க. இடையிடையே மரக்கோபுரங்கள், நடுவில் வீரர்களுக்குக் குடிசைகள். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்று எதிரிக்குச் சொல்லும் முறை இது. அரசரிடமிருந்து நிலம் பெற்றதற்கு ஈடாகப் பிரபுக்கள் தரும் படைச்சேவை வழக்கமாக 40 நாள்தான். அதை நம்பி யாரும் ஆறு மாதம் உட்கார முடியாது. பிலிப்பிடம் சம்பளத்துக்கு நின்ற படை இருந்தது. ஜானுடைய பணமும் பிரபுக்களின் நம்பிக்கையும் ஒருசேரக் கரைந்துகொண்டிருந்தபோது இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

லேசி தன் கணக்கைப் போட்டு, சண்டைக்கு உதவாதவர்களை வெளியே அனுப்பினார். முதலில் வந்த 500 பேரையும் அடுத்த 500 பேரையும் முற்றுகைக்காரர்கள் பரிதாபப்பட்டு வழிவிட்டார்கள். முகாமில் இல்லாத பிலிப் சேதி கேட்டதும், இனி ஒருவரையும் விடாதே என்று உத்தரவு போட்டார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாயும் அவருக்காக வேலை செய்யும்போது எதற்கு வெளியே விடுவது? மூன்றாவதாக அனுப்பப்பட்ட பெருங்கூட்டம் அகழியை நெருங்கியபோது அம்புகள் வந்தன. திரும்பி ஓடினார்கள்; பின்னால் கதவு சாத்திவிட்டது. மதிலுக்கும் முற்றுகை அகழிக்கும் நடுவே இருந்த பாறைச் சரிவில், குளிர்காலத்தில், வாரக்கணக்கில் கிடந்தார்கள். புல்லையும், கோட்டையிலிருந்து விரட்டிவிட்ட நாய்களையும் தின்றார்கள். பின்னர் வந்து பார்த்த பிலிப் அவர்களுக்கு உணவு கொடுத்துப் போகவிட்டார். அதற்குள் பெரும்பகுதியினர் செத்திருந்தார்கள். நெடுநாள் பட்டினிக்குப் பின் ஒரேயடியாகச் சாப்பிட்டதில் இன்னும் சிலர் செத்தார்கள். இதை எழுதி வைத்தவர் பிலிப்பின் அரண்மனைக் குருவான வில்லியம். நேரில் கண்டவர், ஆனால் வென்ற பக்கத்து ஆள், கவிஞரும்கூட. அவருடைய எண்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். தன் அரசரின் கருணையைப் பாடும் அதே இடத்தில், கூட்டத்தைச் சாகவிட்ட உத்தரவும் அரசருடையதே என்பதை அவரால் மறைக்க முடியவில்லை.

1204 பிப்ரவரியில் பிலிப் நேரடித் தாக்குதலைத் தொடங்கினார். வழி ஒன்றுதான்: தென்கிழக்குக் கழுத்து. பொறிகளை உருட்டிக்கொண்டு போவதற்கு அதைச் சமப்படுத்தினார்கள். கல்லெறி பொறிகளையும் மரக்கோபுரத்தையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மதில்மேல் நிற்பவர்களைத் தலைதூக்க விடாமல் அம்பும் கல்லும் பொழிந்தபடி இருக்க, மறுபுறம் மண்ணையும் விறகுக் கட்டுகளையும் கொட்டி அகழியைத் தூர்த்தார்கள். முழுவதும் தூர்க்கப் பொறுமையில்லை. ஏணி வைத்து அகழிக்குள் இறங்கி, மறுபக்கம் அதே ஏணியைச் சாத்தினால் எட்டவில்லை. அங்கே சுண்ணப்பாறை அவர்களுக்கு உதவியது: கத்தியாலும் வாளாலும் குத்திக் குத்திக் காலூன்றக் குழி எடுத்து, முனைக் கோபுரத்தின் அடிக்கு ஏறினார்கள். கோட்டையைத் தாங்கும் பாறை அகழி வெட்ட வசதியாக மென்மையாக இருந்தால், அதை எதிரியும் வெட்டலாம்.

அடிக்கு வந்துவிட்டால் அடுத்த வேலை சுரங்கக்காரர்களுடையது. கேடயங்களைக் கூரையாகப் பிடித்துக்கொண்டு அடித்தளத்தைக் குடைவார்கள். குடைந்த அளவுக்குச் சுவர் இறங்காதபடி மர முட்டுகள் கொடுப்பார்கள். போதுமான அகலம் குடைந்ததும் முட்டுகளுக்கு இடையே விறகைத் திணித்துத் தீ வைத்துவிட்டு வெளியே ஓடிவந்துவிட வேண்டும். முட்டு எரிந்து முறிய, மேலிருக்கும் கோபுரத்தின் எடையே அதைக் கீழே இறக்கும். தீ சூடு பிடிக்காமல் புகைந்தே அணைந்தால் எல்லாம் வீண். (இந்தப் பாடத்தை ஜான் நன்றாகவே படித்தார்: 1215-ல் ராச்செஸ்டர் கோட்டையின் கோபுரத்தை இதே முறையில் சாய்க்க, தின்ன உதவாத கொழுத்த பன்றிகள் 40 அனுப்பு என்று எழுதினார், முட்டுகள் நன்றாக எரியக் கொழுப்பு.) முனைக் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. லேசி வெளிக்கோட்டையில் எரியக்கூடியதை எரித்துவிட்டு நடுக்கோட்டைக்குப் பின்வாங்கினார்.

இங்கேதான் அந்தக் கழிப்பறைக் கதை. நடுக்கோட்டையின் மதிலை ஒட்டி ஜான் ஒரு கட்டடம் எழுப்பியிருந்தார்: மேலே வழிபாட்டுக்கூடம், கீழே சரக்கறை, கழிப்பறை. ரிச்சர்டின் திட்டத்தில் இல்லாத சேர்க்கை. அதன் வெளிச்சுவரில், கம்பி இல்லாமல், கீழே இருந்து எட்டும் உயரத்தில் ஒரு திறப்பு இருந்தது. அது கழிவுத் துவாரமா, கூடத்தின் சன்னலா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சன்னல் என்பதே எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. ஒருவன் தோழனின் தோளில் ஏறி நுழைந்து, கயிறு விட்டு மற்றவர்களையும் ஏற்றினான். உள்ளே வந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்கள் போட்ட கூச்சலில் பெரும்படையே புகுந்துவிட்டது என்று நினைத்த காவற்படை, புகைபோட்டு வெளியேற்ற அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. காற்று திரும்பியது. தீ நடுக்கோட்டை முழுவதும் பரவ, தீ வைத்தவர்களே உட்கோட்டைக்குள் ஓட வேண்டியதாயிற்று. நிலவறையில் ஒதுங்கிப் பிழைத்த பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தூக்குப்பாலத்தை இறக்கிவிட்டார்கள்.

மிச்சம் அலைமதில். அதற்கு முன்னால் அகழி. ஆனால் அகழியை வெட்டியபோது வாசலுக்கு எதிரே பாறையை ஒரு பாலமாக விட்டு வைத்திருந்தார்கள். மரப்பாலம் போல உளுத்துப் போகாது, பழுது பார்க்க வேண்டாம், வண்டி தாராளமாகப் போகும். ஆனால் தூக்கி மடக்க முடியாது. அதன் மேல் ‘பூனை’ என்று அழைக்கப்பட்ட, ஈரத்தோல் போர்த்திய நகரும் கொட்டகையை உருட்டிக் கொண்டுபோய் அதற்கடியில் சுரங்கக்காரர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ரிச்சர்டின் திட்டத்திலேயே பெரிய பிழை என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் இந்தக் கல்பாலத்தைத்தான் சுட்டுவேன்.

காவற்படை உள்ளிருந்து எதிர்ச்சுரங்கம் வெட்டி, குடைபவர்களைச் சந்தித்து விரட்டியது. இது வெற்றிதான். ஆனால் இப்போது அடித்தளம் இரு பக்கமும் குடையப்பட்டிருந்தது. பிலிப் ‘கபுலுஸ்’ என்ற பெரிய கல்லெறி பொறியை முன்னே கொண்டுவந்தார். வளைந்த மதில் கல்லைச் சறுக்கிவிடும் என்பது அடித்தளம் திடமாக இருக்கும்வரைதான். சில அடிகளிலேயே மதில் உடைந்து திறந்தது. உள்முற்றம் சிறியது. பெருங்கோபுரத்துக்கு ஏறும் நேரமோ, ஏறினால் அங்கே எதற்காகக் காத்திருப்பது என்பதற்கான பதிலோ யாரிடமும் இல்லை.

லேசியை ஜான் மீட்புப்பணம் தர உதவி விடுவித்தார். பின்னர் இங்கிலாந்தில் பதவிகளும் கொடுத்தார். ரூவான் ஜூன் 24 அன்று சரணடைந்தது, நார்மண்டி பிரான்சோடு சேர்ந்தது.

இரண்டு நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி நார்மண்டியைத் திரும்பப் பிடிக்க வந்தபோது, இதே கோட்டையில் இப்போது பிரெஞ்சுக் காவற்படை அடைபட்டது. 1419-ல் அது பணிந்ததற்கு அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிய காரணத்தில் கல்லெறி பொறியும் இல்லை, சுரங்கமும் இல்லை. பாறையில் ஆழமாக வெட்டிய கிணற்றில் தண்ணீர் இருந்தது; இறைக்கும் கயிறுகள் தேய்ந்து அறுந்துபோயின, மாற்றுக் கயிறு உள்ளே இல்லை.